பத்து வருஷமும் வந்திருந்தன

என் தங்கை மேகலாவுக்கு மாப்பிள்ளையாக ஒரு பாங்கின் பங்கைப் பார்த்திருந்தோம். அரசலாறு பாங்கு. கும்பகோணத்தில் பழைய பாங்கு. பங்கு நல்ல மாதிரி. வெற்றிலைகூடப் போடமாட்டார். முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார். பெயர் கேட்டதற்கு எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒன்று சொன்னார். அம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"நான் மாப்பிள்ளைன்னே கூப்பிட்டுக்கறேன்," என்றாள்.

ஒரே ஒரு குறைதான். உயரம்.

பங்குகளுக்கு விலைதான் உயரம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சந்தை ஏறினால் வளர்வார்கள். இறங்கினால் குறைவார்கள். சனி ஞாயிறு ஒரே அளவில் இருப்பார்கள். இவர் வந்தது புதன்கிழமை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது மேகலாவின் தோள் வரை இருந்தார். அந்த நேரம் பார்த்துப் பாங்கின் வருஷக் கணக்கு வெளியானது. நஷ்டம். கேசரி சாப்பிட்டு முடிப்பதற்குள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டார். நாற்காலியில் கால் தரைக்கு எட்டவில்லை. ஆனாலும் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் மேகலாவுக்கு அக்கா. பெயர் செண்பகம். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுக்கிறேன். கல்யாண விஷயத்தில் என் படிப்பு உதவும் என்று யாரும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

மேகலா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். காப்பியைக் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அந்தக் காலண்டர் தெரியுதுங்களா?"

"தேதி தெரியுது. கீழே ராகுகாலம் தெரியுது."

"அதுக்கும் கீழே?"

"அச்சகத்துப் பேரு. போன் நம்பர்ல ஒரு எட்டு அழிஞ்சிருக்கு."

மேகலா உள்ளே வந்து என் காதில், "எனக்குச் சரிக்கா," என்றாள். வெட்கப்படவில்லை. அவள் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் தாய்மாமன் தலையசைக்காமல் எதுவும் நடக்காது. மாமா பெயர் குஞ்சிதபாதம். நகைக்கடையில் வயதைக் கழித்தவர். எதையும் உள்ளங்கையில் வைத்தே எடை சொல்லிவிடுவார். அவர் தலையசைத்தால் சத்தம் வரும். தெருக்கோடி வரை கேட்கும். அன்று சத்தம் வரவில்லை.

"போன வருஷச் சம்பாத்தியம் என்ன?" என்று மாமா கேட்டார்.

"நஷ்டம் மாமா," என்றார் மாப்பிள்ளை.

மாமா கால்குலேட்டரை எடுத்தார். விலையைப் போன வருஷ லாபத்தால் வகுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலை கொடுக்கிறோம் என்று அதில் தெரிந்துவிடும். குறைந்த மடங்கு என்றால் மலிவு. ஏறிப்போனால் யோசிப்பார். இப்போது வகுக்க லாபமே இல்லை. அவர் எண்ணை அழுத்த அழுத்த, கால்குலேட்டர் அவர் கையிலிருந்து இறங்கிச் சமையலறைக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா, அதுவே வேண்டாங்குது," என்றார் மாமா.

அது வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரியாது என்று சொன்னது. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அன்று அதுதான். நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இதில் நிறையப் பேர். கால்குலேட்டரிலிருந்து தொடங்குகிறேன்.

போன மாதம் ஒரு வரன் வந்திருந்தது. அதுவும் பாங்குதான், வெளியூர். முந்தின வருஷம் கொள்ளை லாபம். ஆள் உள்ளே வருவதற்கே குனிய வேண்டியிருந்தது. மின்விசிறியை நிறுத்தினோம். மாமா வகுத்துப் பார்த்து, "அஞ்சே மடங்கு, அள்ளிக்கலாம்," என்று தலையசைத்தார். எதிர் வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் அதே ஆள் திரும்ப வந்தபோது, அம்மா அவரைக் கோலமாவு டப்பாவுக்குப் பின்னால் தேடிக் கண்டுபிடித்தாள். பாவம், ஒரு வாய் மோர் கொடுத்து அனுப்பினோம். நல்ல வருஷத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். கெட்ட வருஷத்தை மட்டும் பார்த்தால் கைக்கு வந்ததை விட்டுவிடுவோம். பாங்குகள் விஷயத்தில் இது இன்னும் அதிகம். மாமா இதை ஒத்துக்கொள்ளவில்லை. திருஷ்டி என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை காப்பி டம்ளரைக் கீழே வைக்கும்போது பால்காரர் வந்தார்.

"பெரிய பாங்கு ஸ்டேஷன் ரோட்டைத் தாண்டிருச்சும்மா. நாளைக் காலையில உங்க தெரு."

பெரிய பாங்கு எட்டு மாடிக் கட்டடம். மெதுவாக நடக்கும். சிக்னலில் நிற்கும். வழியில் தென்படுகிற சின்ன பாங்குகளை அன்றைய உயரத்துக்கு விலை பேசி உள்ளே எடுத்துக்கொள்ளும். உள்ளே போனவர்கள் நாலாவது கவுண்டர், ஐந்தாவது கவுண்டர் என்று ஆகிவிடுவார்கள். பிறகு கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டோக்கன் எண் கேட்பார்கள். கல்யாணமானவர்களையும் நிச்சயமானவர்களையும் மட்டும் அது தொடாது. அது சட்டம்.

மேகலா லென்ஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்ததையே துடைத்தாள். நாளைக் காலைக்குள் மாமா தலையசைக்க வேண்டும். இல்லையென்றால் இந்த மனிதர் ஒரு கவுண்டர்.

வாசலில் பந்தல் தானாகவே முளைத்துக்கொண்டிருந்தது. முகூர்த்தம் மறுநாளே இருந்தது.

"மாப்பிள்ளை, உங்க சொந்தக்காரங்க யார்?" என்று கேட்டேன்.

"அப்பா அம்மா இல்லைங்க. என்னோட வருஷங்கதான் இருக்கு."

"எத்தனை?"

"நெறைய இருக்கு. கூப்பிட்டா வர்றது பத்து."

"பத்தையும் வரச் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் பயமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

சாயங்காலம் வருஷங்கள் வேனில் வந்து இறங்கின. எங்கள் கூடம் நாலு பேர் உட்காரத்தான் இடம் கொண்டது. வந்தவர்களைப் பார்த்ததும் சுவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றன. முதல் வருஷம் இருப்பதிலேயே பழையது. வெளுத்த வேட்டி, சின்னச் சட்டை. ஐந்தாவதும் ஆறாவதும் பட்டுச் சட்டையில் இருந்தன, விரல் கொள்ளாத மோதிரம். மற்றவை நம்மைப் போலத்தான் இருந்தன. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு தாம்பாளம். அதில் அந்த வருஷத்து லாபம். பாங்கு முழுவதற்குமான லாபம் இல்லை, மாப்பிள்ளை ஒருவர் பேருக்கு எவ்வளவோ அவ்வளவு. நடுவில் பாங்கு புதுப் பங்குகளை வெளியிட்டுக் குடும்பம் பெருத்துவிட்டதாம். மொத்தத்தைக் காட்டி மயக்கக் கூடாது என்று மாப்பிள்ளையே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மாமா தாம்பாளங்களை விரலால் எண்ணினார்.

"ஒம்பது. ஒத்தைப்படை. ரொம்ப திருப்தி."

"இன்னும் ஒருத்தங்க வாசல்ல நிக்கறாங்க மாமா," என்றார் மாப்பிள்ளை.

கடைசி வருஷம். ஒல்லியாக இருந்தது. தாம்பாளத்தை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தது. அதில் ஒன்றுமில்லை.

"வெறும் தட்டோட நல்ல காரியத்துக்கு யாராவது வருவாங்களா? அங்கயே நிக்கட்டும்," என்றார் மாமா. "அது வந்தா ரெட்டைப்படை ஆயிடும்."

நான் வாசலுக்குப் போனேன்.

"உள்ள வா."

"நான் வந்தா மொத்தம் குறைஞ்சுடுங்க."

"குறையட்டும். நீ வராட்டிக் கணக்கு பொய்யாயிடும்."

அது உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அதன் நஷ்டத்துக்கு ஈடாக மற்ற தட்டுகளிலிருந்து பன்னிரண்டு ரூபாய் எழுந்து, வாசல் வழியாகப் போய்விட்டது. யாரும் தடுக்கவில்லை. ஐந்தாவது வருஷம் மட்டும் முகத்தைச் சுளித்தது.

அம்மா கடைசி வருஷத்துக்கு முதலில் காப்பி கொடுத்தாள். "ஏம்மா, உனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டாள்.

"வராத கடனையெல்லாம் என் தலையில எழுதிட்டாங்க."

"நீ கொடுத்த கடனா?"

அது பட்டுச் சட்டைகளைப் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டது. கூடம் முழுவதும் பட்டுச் சட்டைகளைப் பார்த்தது.

ஆறாவது வருஷம் மோதிரத்தைத் திருகியது. "நானும் இதுவும் கொடுத்த கடன்தான்," என்றது, ஐந்தாவதைக் காட்டி. "வந்தவன் போனவனுக்கெல்லாம் கொடுத்தோம். வட்டி வந்துடும்னு அப்பவே லாபத்துல சேர்த்துக்கிட்டோம். வரலை. பின்னால வந்ததுங்க வாயைத் திறக்கலை. இதுதான் துணிஞ்சு எல்லாத்தையும் ஒரே மூச்சில எழுதித் தள்ளிச்சு."

சொல்லிவிட்டு எழுந்தது. தன் தட்டிலிருந்து ஒரு கை அள்ளிக் கடைசி வருஷத்தின் தட்டில் வைத்தது. பத்தின் மொத்தம் அதனால் மாறவில்லை. ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் மூச்சு சரியாக வந்தது. அத்தனை வருஷத்து அழுக்கையும் ஒன்றாகத் துவைத்த கடைசி வருஷத்துக்கு அதுவரை யாரும் நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொன்னேன். அது காப்பி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டது.

"உருக்கமெல்லாம் இருக்கட்டும்," என்றார் மாமா. "பத்து வருஷத்துக் காசையும் அப்படியே கூட்ட முடியாது. அந்தக் காலத்துப் பத்து ரூபாயும் இந்தக் காலத்துப் பத்து ரூபாயும் ஒண்ணா? அதுகூடத் தெரியாதவனா நான்?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமா சரியாகச் சொன்னார்.

"அதுக்குத்தான் பவுன் இருக்கு," என்றார் மாமா. இப்போது தப்பாகச் சொன்னார்.

மாமா ஒவ்வொரு தட்டையும் தொட்டார். அந்தந்த வருஷத்து விலைக்குக் காசு பவுனானது. உடனே இன்றைய விலைக்குத் திரும்பக் காசானது. முதல் வருஷத்தின் பதினைந்து ரூபாய் ஐம்பதுக்கு மேலே போய் நின்றது. முதல் வருஷம் பயந்து தட்டைக் கீழே வைத்துவிட்டது. அடுத்தடுத்த தட்டுகள் அதைவிடக் குறைவாக ஏறின. ஒன்பதாவது கிட்டத்தட்ட அசையவே இல்லை. பார்க்க மாடிப்படி இறங்குவது போல இருந்தது.

"சரிவு! வருஷத்துக்கு வருஷம் ஆள் தேய்ஞ்சுகிட்டே வர்றாரு. நான் அப்பவே சொன்னேன்," என்றார் மாமா.

மாப்பிள்ளை ஒரு விரற்கடை குறைந்தார். சந்தை மூடியிருந்த நேரம். வெட்கத்தினால்தான்.

எனக்குக் கோபம் வந்தது. "மாமா, இந்தப் பத்து வருஷத்துல பவுன் மத்த சாமானையெல்லாம் விட்டுட்டு எங்கேயோ ஓடிப்போச்சு. அது பவுனோட ஓட்டம். இவரோட தேய்மானம் இல்லை."

"பவுனைவிட நம்பகமான அளவு எது? நீயே சொல்லேன்."

"காலையில எந்திரிச்சு நீங்க பவுனையா காய்ச்சிக் குடிக்கறீங்க? டவுன் பஸ்ஸுல பவுனையா நறுக்கிக் கொடுக்கறீங்க?"

"பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?"

அம்மா உள்ளே போனாள்.

எல்லா வீட்டிலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு விலைவாசிக் கூடை இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், சிலிண்டர், பஸ் டிக்கெட், டாக்டர் பீஸ், முடிவெட்டும் கூலி. உள்ளே இருப்பது மாறாது. கனம் மட்டும் வருஷா வருஷம் ஏறும். அம்மா தினமும் அதைத் தூக்கி, கீழே பெருக்கிவிட்டு, திரும்ப வைப்பாள். அவளுடைய முதுகுவலிக்கு அதுதான் காரணம். அதை இப்போது இழுத்துக்கொண்டு வந்து பாயின் நடுவில் வைத்தாள்.

"இந்தா தம்பி. இது பதினொண்ணாவது தட்டு. ஒத்தைப்படை," என்றாள்.

மாமா பவுன் பேச்சை விட்டுவிட்டார். ஒத்தைப்படை ஒத்தைப்படைதான்.

பவுனெல்லாம் கலைந்தது. தட்டுகள் பழையபடி ஆயின. முதல் வருஷம் தன் பதினைந்து ரூபாயோடு கூடையின் முன்னால் வந்து நின்றது. அதன் காலத்தில் அந்தக் காசுக்கு இந்தக் கூடையிலிருந்து எவ்வளவு அள்ளியிருக்கலாமோ, அவ்வளவையும் அள்ளிக் காட்டியது. அதே சாமானுக்கு இன்றைக்கு இருபத்துநாலு ரூபாய் என்றது கூடை. கூடைக்கு அம்மாவின் குரல். தட்டில் இருந்த பதினைந்து இருபத்துநாலாக நிமிர்ந்தது. ஐம்பதும் இல்லை, பதினைந்தும் இல்லை. முதல் வருஷத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னை யாரும் இவ்வளவு சரியாப் பார்த்ததில்லை," என்றது.

ஒவ்வொன்றாக வந்தன. கிட்டத்து வருஷங்கள் கொஞ்சமாக நிமிர்ந்தன. தூரத்து வருஷங்கள் நன்றாகவே நிமிர்ந்தன. கடைசி வருஷம் நிமிரவில்லை. அதன் நஷ்டம் இன்றைய காசில்தான் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டினோம். நான் பாயசக் கரண்டியால் பத்துச் சம பங்காகப் பிரித்தேன். அப்படியே கூட்டியிருந்தால் வருஷத்துக்குப் பத்தொன்பது வந்திருக்கும். கூடையில் அளந்ததால் இருபத்தைந்து வந்தது. நஷ்டத்தையும் சேர்த்துத்தான்.

"இன்னிக்கு மாப்பிள்ளை விலை நூத்தைம்பது. அப்படின்னா ஆறு மடங்கு," என்றேன். "மாப்பிள்ளை, வழக்கமா எத்தனை மடங்குல நிப்பீங்க?"

"பன்னெண்டுங்க. கூடக்குறைய இருக்கும். ஆனா பன்னெண்டு."

"அப்போ இருபத்தஞ்சு பன்னெண்டு, முந்நூறு. மேகலாவைவிட நாலு விரல் உயரம்."

மேகலா தன் தலைக்கு மேலே நாலு விரலை வைத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் யாரும் இல்லை. அவள் அங்கே பார்த்துச் சிரித்தாள்.

மாமா விடவில்லை. "பத்து வருஷத்துக்கு முன்னாடி இவருக்கு இப்ப இருக்கிறதுல பாதிக் கிளைதான். அந்த ஆள் வேற, இந்த ஆள் வேற. அவன் சம்பாதிச்சதை வெச்சு இவரை எப்படி எடை போடறது?"

கேள்வி நியாயமானது. நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் வருஷம்தான் பேசியது. "அவருதாங்க நான். சட்டைதான் சின்னது."

"அடுத்த வருஷம் வந்து இதைச் சொல்லுவியா?"

"அடுத்த வருஷம் நான் வர முடியாது. புதுசு ஒண்ணு வரும். பத்துக்கு மேல வேன்ல இடமில்லை."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னது. அம்மா அதற்கு இன்னும் இரண்டு முறுக்கு வைத்தாள்.

மேகலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எப்போக்கா வளருவார்?"

"தெரியலைடி. இந்தக் கணக்கு தகுதியைச் சொல்லும். எப்போங்கிறதைச் சொல்லாது. ஒரு வருஷமும் ஆகலாம். ஏழெட்டும் ஆகலாம்."

"வளராமலும் போகலாங்க," என்றார் மாப்பிள்ளை. "சொல்லிடணும் இல்லையா?"

மேகலா அவர் பக்கம் திரும்பினாள். "பரவாயில்லை. அதுவரைக்கும் நான் உட்கார்ந்துக்கறேன்," என்றாள்.

நான் இத்தனை வருஷம் அக்காவாக இருந்ததற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

மாமா எழுந்து கை கழுவப் போனார். தலை அசையவில்லை. "நாலு விரல் உயரமாம்," என்று குழாயிடம் சொல்வது கேட்டது.

அம்மா தையல்காரருக்கு ஆள் அனுப்பினாள். அவர் டேப்போடு வந்தார். அம்மா அவரை மாப்பிள்ளையிடம் விடவில்லை. மேகலாவை நிற்க வைத்து, நாலு விரல் சேர்த்து, அந்த உயரத்துக்கு அளவெடுக்கச் சொன்னாள். தையல்காரர் காலியாக இருந்த இடத்தை அளந்தார். கழுத்து எவ்வளவு என்று கேட்டார். அம்மா ஒரு அளவு சொன்னாள். அவர் அதை நம்பினார். நல்ல மனிதர்.

காலையில் பெரிய பாங்கு தெருமுனையில் திரும்பியது. திரும்புவதற்கு வசதியாக முனை வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திக் கொடுத்தார். பெரிய பாங்கின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஏசிக் காற்று தெரு முழுக்க வந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் நல்ல காற்று என்று சொன்னார்கள்.

மேளம் ஆரம்பித்தது. சந்தையும் அதே நேரம் திறந்தது. மாப்பிள்ளை இன்னும் ஒரு சாண் குறைந்தார். புதுச் சட்டையில் அவரைத் தேட வேண்டியிருந்தது. கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து, "இங்கேதாங்க இருக்கேன்," என்றார்.

மாலை மாற்றும்போது மாமன்மார் தூக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது முறை. மாப்பிள்ளைக்கு மாமன் யாருமில்லை. மேகலா தன்னைத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"தம்பி, நீயே மாப்பிள்ளையைத் தூக்கிடு," என்றாள் அம்மா.

"இன்னும் சரின்னே சொல்லலை நான்."

"சரின்னு அப்புறம் சொல்லு. மொதல்ல தூக்கு."

"இவரைத் தூக்க ஒரு கை போதும்," என்றார் மாமா.

ஒரு கையால் தூக்கப் பார்த்தார். மாப்பிள்ளை அசையவில்லை. மாமா சுற்றிலும் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தார். அப்போதும் அசையவில்லை. மாமாவின் முகம் மாறியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். கடையில் யாராவது பழைய வளையலை நீட்டும்போது, கல்லாப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளங்கையையே பார்ப்பாரே, அந்த முகம்.

உயரம்தான் குறைந்திருந்தது. கனம் குறையவே இல்லை.

பெரிய பாங்கு பந்தலுக்கு முன்னால் வந்து நின்றது. முதல் மாடியிலிருந்து ஒரு குரல், "இன்னிக்கு என்ன உயரம்?" என்று கேட்டது.

"நில்லுங்க," என்றார் மாமா.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, மாப்பிள்ளையின் கக்கத்தில் கொடுத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். மேளக்காரர்கள் மேளத்தை நிறுத்தினார்கள். மேகலா மாலையோடு நின்றாள். நான் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"செண்பகம். நேத்து எவ்வளவு சொன்னே?"

"முந்நூறு மாமா."

"ஒரு குந்துமணி குறையலை."

பிறகு தலையசைத்தார். தெருக்கோடி வரை கேட்டது. மாடுகள் திரும்பிப் பார்த்தன. முனை வீட்டில் இரண்டு ஓடு விழுந்தது. பெரிய பாங்கு அதைக் கேட்டுக்கொண்டது. கொஞ்சம் யோசித்தது. கதவைச் சாத்திக்கொண்டு, லாரி போலக் கூவியபடி தெருவை விட்டுப் பின்பக்கமாகவே போனது. ஏசிக் காற்று நின்றதில் சிலருக்கு வருத்தம்.

"வந்து ஒரு கை கொடுங்கய்யா, யாருங்க அங்க, வருஷங்களா!" என்று மாமா கத்தினார்.

பத்தும் ஓடி வந்தன. பட்டுச் சட்டை இரண்டும் தோள் கொடுத்தன. முதல் வருஷம் முதுகைத் தாங்கியது. கடைசி வருஷம் இடது காலைப் பிடித்தது. மாமாவும் பத்து வருஷமும் சேர்ந்து மாப்பிள்ளையை மேகலாவின் முகத்துக்கு நேராகத் தூக்கினார்கள். எல்லோருக்கும் வியர்த்தது. மேகலா மாலையைப் போட்டாள். மாலையும் அம்மா சொன்ன அளவுதான். அவர் கழுத்திலிருந்து இறங்கி, மாமாவின் முழங்காலைத் தாண்டித் தரையில் கிடந்தது.

இறக்கி வைத்ததும் மாமா மூச்சு வாங்கினார். "என்ன கனம், என்ன கனம்," என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமாவுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். தப்பாகச் சொன்னதை ஊருக்கு முன்னால் திருத்திக்கொள்கிற ஆள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பந்தியில் ஒரு அம்மாள் எங்கள் அம்மாவைக் கேட்டார். "என்னங்க இது, மாப்பிள்ளைக்கு இம்மாம் பெரிய சட்டை எடுத்திருக்கீங்க?"

மாப்பிள்ளை இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கை இரண்டும் பாயசத்தில் கிடந்தன. மேகலா பக்கத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தாள்.

"வளர்ற பிள்ளைதானேம்மா," என்றாள் அம்மா. "மடிச்சுவிட்டுக்கலாம்."

நான் குனிந்து அவருடைய வலது கையை மடித்துவிட்டேன். கடைசி வருஷம் வந்து இடது கையை மடித்துவிட்டது.